தேன்பெட்டி 160 போதும் என்று நிறுத்திக்கொள்வது தவறா?

அருமனைத் தேன்காரர் கேட்டது:

பெட்டியைப் பெருக்கித் தங்களுக்குத் தேன் கொடுக்கச் சொல்கிற ஒரு கம்பெனிக்கு இந்த மாதம் 15ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்லத்தான் எனக்கு மனம் வருகிறது. வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் அதில் சம்மதம் இல்லை. இப்படி ஒரு நல்ல வாய்ப்பை வேண்டாம் என்றவர்கள் யாராவது இங்கே இருந்தால், பிறகு என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள்.

நான் இருப்பது குமரி மாவட்டம் அருமனைக்குப் பக்கத்தில். வயது 46. தேனீ வளர்ப்புதான் தொழில், அப்பா செய்ததும் இதுதான். எங்கள் பக்கத்துக்கு இது புதிது இல்லை. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. தொடங்கிய கிராமப் புனரமைப்பு மையத்தில், ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் இருந்த காலத்திலேயே, மரப்பெட்டியில் தேனீ வளர்க்க ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அன்று முதல் விளவங்கோடு தாலுகாவில் வீட்டு முற்றத்தில் தேன்பெட்டி இருப்பது சாதாரணம்.

என்னிடம் 160 பெட்டி இருக்கிறது. சொந்த விளையில் (தோட்டத்தை எங்கள் பக்கம் விளை என்போம்) 40, கடையாலுமூடு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் 70, பனச்சமூடு தாண்டி கேரளத்தில் வெள்ளறடாவில் சித்தி வீட்டு ரப்பர் விளையில் 50. வெளியூர்க்காரர்கள் ரப்பர் தேன் என்றால் ரப்பர் பூவிலிருந்து வருவது என்று நினைக்கிறார்கள். அது பூவிலிருந்து வருவதில்லை. மார்கழி, தையில் இலை உதிர்ந்து புதுக் கொழுந்து விடும். செம்பு நிறத்தில் தொங்குகிற கொழுந்து இளம்பச்சைக்குத் திரும்பும்போது, மூன்று இலையும் காம்பில் சேருகிற இடத்தில் இனிப்பு நீர் கசியும். தேனீ எடுப்பது அதைத்தான். மாசி, பங்குனிதான் எங்கள் அறுவடை. அந்த நேரத்தில் பனி விழுந்து கொழுந்தில் சாம்பல் நோய் வந்தால் தோட்டக்காரர்கள் கந்தகத் தூள் அடிப்பார்கள். அந்த வருடம் தேன் குறைந்துவிடும். மழை மாதங்களில் வெளியே ஒன்றும் கிடைக்காது, சர்க்கரைப் பாகு கொடுத்துத்தான் கூட்டத்தைக் காப்பாற்ற வேண்டும்.

போன வருடம் 1,400 கிலோ எடுத்தேன். கிலோ 400 ரூபாய். வியாபாரிக்குக் கொடுப்பதில்லை. பாறசாலை, நெய்யாற்றின்கரை, தக்கலை, நாகர்கோவில் என்று வீடுகளுக்கு நேராகக் கொடுக்கிறேன். இரண்டு வைத்தியர்களும் வாங்குகிறார்கள். சர்க்கரை, பெட்டி, வண்டி, தோட்டத்துக்குக் கொடுப்பது, சீசனில் உதவிக்கு வருகிற பையனின் கூலி எல்லாம் போக 3 லட்சத்து 60 ஆயிரம் கையில் நின்றது. வீடு சொந்தம். விளையிலிருந்து தேங்காயும் வாழையும் மரச்சீனியும் (மரவள்ளி) வருகிறது. நகைக்கடன் 1 லட்சத்து 20 ஆயிரம் இருக்கிறது. பெரிய பிள்ளை பிளஸ் டூ, நர்சிங் படிக்க வேண்டும் என்கிறாள். பையன் ஒன்பதாவது.

அந்தக் கம்பெனி எர்ணாகுளம் பக்கம் இருக்கிறது. அவர்கள் கேட்பது, இரண்டு வருடத்தில் 1,000 பெட்டி, வருடத்துக்கு 9 டன் தேன், கிலோ 190 ரூபாய். 22 லட்சம் வங்கிக் கடனுக்கு அவர்களே ஏற்பாடு செய்வார்கள். எல்லாச் செலவும் கடன் தவணையும் போக வருடம் 8 லட்சம் நிற்கும் என்று மச்சான் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கில் நான் தப்பு கண்டுபிடிக்கவில்லை.

எனக்கு இடறுவது வேறு. தேன் அடையில் தேனீ நீரை வற்றவைத்த பிறகு மெழுகால் மூடி போடும். முக்கால் வாசி அறைக்கு மூடி விழுந்த மரச்சட்டத்தை மட்டும்தான் நான் எடுப்பேன். அதற்கு முன் எடுத்தால் நீர் கூடுதலாக இருக்கும், புளித்துப்போகும். சட்டப்படி 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக்கூடாது. நாங்கள் வளர்க்கும் நாட்டுத் தேனீயின் ரப்பர் தேனில் மூடி விழும்வரை பொறுத்தால்கூட அந்த அளவுக்குக் கொண்டுவருவது பாடுதான். கம்பெனிக்காரர் வந்து பார்த்தபோது, "மூடிக்காகக் காத்திருக்க வேண்டாம், வாரத்துக்கு ஒரு தடவை எடுத்துவிடுங்கள், நீரை நாங்கள் இயந்திரத்தில் சூடாக்கி எடுத்துக்கொள்வோம்" என்றார். அப்படிச் செய்தால் அளவு கூடும், உண்மைதான். 9 டன் வராவிட்டால் வேறு ஆட்களிடம் வாங்கிச் சேர்த்து நிரப்பிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

அதன் மேல் ஒட்டப்போகிற லேபிளில் என் அப்பாவின் படம் இருக்கும். மாதிரி அச்சடித்தே கொண்டுவந்திருந்தார்கள். தலைத்துண்டு கட்டி, கையில் தேனீக்குப் புகை போடும் புகைப்பானோடு அப்பா. "மூன்று தலைமுறைக் குடும்பத் தேன்" என்று கீழே போட்டிருந்தது. நாங்கள் இரண்டு தலைமுறைதான். தாத்தா பனை ஏறினார். அதைச் சொன்னேன். அதெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள் என்றார்.

அப்பா பாட்டிலில் ஒட்டியது ஒரு சின்னத் துண்டுத் தாள். எந்த விளை, எந்த மாதம் என்று கையால் எழுதியிருப்பார். கும்பம், மீனம் என்று கொல்லம் ஆண்டு மாதம்தான் எழுதுவார், அவர் தலைமுறைக்கு அதுதான் வரும். நானும் அப்படியே எழுதுகிறேன். ஒரு பாட்டிலைக் காட்டி இது எந்தத் தோட்டம் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியும்.

இன்னொன்று. ரப்பர் தேன் சீக்கிரம் உறைந்துவிடும். இரண்டு மாதத்தில் அடியில் வெள்ளையாகக் கட்டி சேரும். சர்க்கரை கலந்துவிட்டான் என்று ஆட்கள் நினைப்பார்கள். ஒவ்வொருவருக்கும் நான் சொல்கிறேன்: அது தேனின் இயல்பு, பாட்டிலை இளஞ்சூடான தண்ணீரில் வையுங்கள், அடுப்பில் வைக்காதீர்கள் என்று. 300 வீட்டுக்குச் சொல்லலாம். கடை அலமாரியில் இருக்கிற பாட்டில் பேசாது. அதனால்தான் கம்பெனிகள் உறையாதபடி நன்றாகச் சூடாக்கி வடிகட்டுகின்றன. அவர்களை நான் குறை சொல்லவில்லை, கடைக்குப் போக வேண்டும் என்றால் அதுதான் வழி. ஆனால் அது நான் எடுத்த தேன் இல்லை.

போன வைகாசியில் களியக்காவிளையிலிருந்து ஒரு அம்மா வந்தார். நல்ல தேனாகக் கொஞ்சம் வேண்டும், மகளுக்குக் குழந்தை பிறந்து பத்து நாள், தேனும் வயம்பும் (வசம்பு) உரைத்து நாக்கில் வைக்க என்றார். எங்கள் பக்கத்தில் இது பெரிய வழக்கம். உங்கள் ஊரில் சேனை வைப்பது என்பார்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது, எவ்வளவு சுத்தமான தேனிலும் ஒரு கிருமியின் வித்து இருக்கலாம், குழந்தையின் குடல் அதைத் தாங்காது, நரம்பைப் பாதிக்கும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். கோபித்துக்கொண்டுதான் போனார். இரண்டு மாதம் கழித்து மகளோடு வந்து, வீட்டுக்கு என்று இரண்டு கிலோ வாங்கினார். எதற்கு என்று கேட்டு விற்கிற வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. 9 டன்னில் அதைக் கேட்க முடியாது.

1991, 92இல் எங்கள் பக்கம் வந்த நோயைப் பற்றிப் பெரியவர்களுக்குத் தெரியும். தாய்லாந்து சாக்புரூட் என்ற வைரஸ். புழு நீர் நிறைந்த பைபோல ஊதிச் செத்துப்போகும். தென்னிந்தியா முழுக்க நாட்டுத் தேனீக் கூட்டங்கள் கொத்துக்கொத்தாக அழிந்தன. அப்பாவிடம் 70 பெட்டி இருந்தது, மிஞ்சியது 4. அப்புறம் காட்டோரம் மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் தப்பிப் பிழைத்த கூட்டங்களைத் தேடிப் பிடித்து மறுபடி உண்டாக்கினார். அதற்கு ஆறேழு வருடம் ஆனது. கடன் இல்லாததால்தான் அந்த ஆறேழு வருடம் எங்களால் தாக்குப்பிடிக்க முடிந்தது என்று அம்மா இப்போதும் சொல்வார். 22 லட்சம் கடனில் 1,000 பெட்டி வைத்திருக்கும்போது அப்படி ஒன்று வந்தால் என்ன செய்வேன் என்று ராத்திரி யோசிக்கிறேன்.

சீசனில் ஒரு நாளைக்கு 25 பெட்டி திறந்து பார்ப்பேன். ஆறேழு நாளில் ஒரு சுற்று முடியும். எந்தப் பெட்டியில் ராணி கிழடாகிவிட்டது, எது கூட்டம் பிரியப் பார்க்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த அளவோடு நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் பிள்ளையின் படிப்பை நினைத்தால், என் விருப்பத்துக்காக அவளைப் பட்டினி போடுகிறேனோ என்றும் இருக்கிறது. சொல்லுங்கள்.

*

செங்கோட்டை வங்கி ஓய்வு எழுதியது:

தம்பி, 31 வருடம் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த 8 லட்சம், தேன் வந்தால், அவர்கள் வாங்கினால், சொன்ன விலை கொடுத்தால் வருகிற பணம். தவணை எதுவும் நடக்காவிட்டாலும் வரும். ஒரே ஆள்தான் வாங்குவார், கடனையும் அவரே ஏற்பாடு செய்வார் என்றால், மூன்றாவது வருடம் 190ஐ 150 ஆக்கும்போது உங்களால் வாயைத் திறக்க முடியாது. இப்படி மாட்டிக்கொண்டவர்களை என் மேசைக்கு எதிரே உட்காரவைத்துப் பேசியிருக்கிறேன். அதனால் வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதம்.

ஆனால் உங்கள் கணக்கில் எனக்குக் குறை இருக்கிறது. பாட்டில் கழுவுவது யார்? தேன் வடிப்பது, ஊற்றி நிரப்புவது, போனில் ஆர்டர் எடுப்பது யார்? வீட்டு அம்மா என்றால், அவருக்கு என்ன கூலி போட்டீர்கள்? 3 லட்சத்து 60 ஆயிரம் இரண்டு பேரின் முழு வருட உழைப்பு என்றால், ஆளுக்கு மாதம் 15 ஆயிரம்தான். அளவோடு வாழ்வது உங்கள் முடிவாக இருக்கலாம். அது அவரிடமும் கேட்டு எடுத்த முடிவாக இருக்க வேண்டும். நீங்கள் எழுதியதில் வீட்டம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அது எனக்கு உறுத்தியது.

400 ரூபாய் எத்தனை வருடமாக இருக்கிறது? சர்க்கரை விலை ஏறியிருக்கும், வண்டி வாடகை ஏறியிருக்கும். இவ்வளவு கவனமாக எடுக்கிற தேனுக்கு 450 கேட்பதில் கூச்சப்பட வேண்டாம். பிள்ளையின் படிப்புக்குக் கல்விக்கடன் இருக்கிறது. 4 லட்சம் வரை அடமானமோ வெளியாள் ஜாமீனோ கேட்கக் கூடாது, பெற்றோர் கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் போதும். படிப்பு முடிந்த பிறகுதான் தவணை தொடங்கும். 22 லட்சம் தொழில்கடனை இதோடு வைத்துப் பாருங்கள். முதலில் நகைக்கடனை வரும் சீசனில் முடியுங்கள். அப்புறம் ஆறு மாதச் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள். நீங்கள் கீழே விழுந்து காலை உடைத்துக்கொண்டால் 160 பெட்டியையும் யார் திறப்பார்கள் என்பதற்கும் ஒரு பதில் வேண்டும்.

*

குழித்துறைப் பலகாரக்காரி எழுதியது:

அண்ணா, நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் என்னிடம் இருக்கிறது. நான் முதலில் சரி என்றவள். பிறகுதான் வேண்டாம் என்றேன்.

முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் செய்கிறேன். முந்திரிக்கொத்து தெரியாதவர்களுக்கு: சிறுபயறை வறுத்துப் பொடித்து, வெல்லப்பாகும் வறுத்த தேங்காயும் சேர்த்து உருண்டை பிடித்து, மஞ்சள் போட்ட அரிசிமாவில் முக்கி, மூன்று மூன்றாக எண்ணெயில் இடுவது. கல்யாணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் இல்லாமல் எங்கள் பக்கம் முடியாது. வீட்டு அடுக்களையில் மாமியாரோடு தொடங்கினேன். பிறகு திருவனந்தபுரத்திலிருந்து ஒரு கடைக்காரர்கள் வந்தார்கள், பத்துப் பதினைந்து கிளை உள்ளவர்கள். ஷெட் போட்டேன், 11 பெண்கள் வேலைக்கு வந்தார்கள். ஒரு வருடம் நன்றாகத்தான் போனது.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. 60 நாள் கழித்துத்தான் பணம். விற்காததைத் திருப்பி அனுப்புவார்கள், அதை யாரிடம் கொண்டுபோய் விற்பது? மூன்று மாதம் கெடாமல் இருக்க வேண்டும் என்றார்கள். தேங்காய் எண்ணெயில் சுட்டது மூன்று மாதம் நிற்குமா? பாமாயிலுக்கு மாறினேன். தேங்காயைக் குறைத்தேன். கெடாமல் இருக்க ஒரு பொடி போட்டேன், அது அனுமதி உள்ள பொடிதான், தப்பு இல்லை. ஆனால் ஒரு கிறிஸ்துமஸுக்கு என் பெரியம்மாவுக்கு ஒரு பாக்கெட் கொடுத்தேன். ஒன்று கடித்துவிட்டு, "இது நீ செய்ததா மோளே?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2019இல் ஷெட்டை மூடினேன். எட்டுப் பவன் மாலையை விற்றுக் கடனை அடைத்தேன். மாலை போனது வருத்தம் இல்லை. 11 பேரில் எட்டுப் பேரை நிறுத்தினேன் அல்லவா, அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. அதில் ஒருத்தி என் சம்பளத்தை நம்பி வீட்டுக்குக் கடன் வாங்கியிருந்தாள். கோயிலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. எனக்கு மனச்சாட்சி வந்தது, அதற்கு விலை கொடுத்தது அவள்.

அதனால் உங்களுக்குச் சொல்வது இதுதான். வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். ஆளை வைத்து, கடனை வாங்கி, இரண்டு வருடம் கழித்து எனக்கு இது ஒத்துவரவில்லை என்று திரும்பி வந்தால் அப்போது அடிபடுவது நீங்கள் மட்டுமாக இருக்காது.

இப்போது மூன்று பேர் செய்கிறோம். முன்பணம் கொடுத்து, நாள் சொன்னால்தான் சுடுவோம். 15 நாளுக்குள் தின்று முடியுங்கள் என்று சொல்லிக் கொடுப்போம். இந்த வாரம் கிறிஸ்துமஸ் வேலை, கை ஒழியவில்லை, அதனால் இவ்வளவோடு நிறுத்துகிறேன். உங்கள் தேன் இரண்டு கிலோ எனக்கு வேண்டும்.

*

கோன்னி 900 பெட்டி எழுதியது:

நண்பரே, உங்கள் முடிவு உங்களுடையது. ஆனால் இங்கே பேச்சுப் போகிற போக்கில் பெரிதாகச் செய்கிறவன் எல்லாம் கலப்படக்காரன் என்று ஆகிவிடக் கூடாது. நானும் மார்த்தாண்டத்துக்காரன். 900 பெட்டி வைத்திருக்கிறேன். தை பிறந்ததும் இருட்டிய பிறகு வாசலை அடைத்து லாரியில் ஏற்றி, புனலூர், கோன்னி, ரான்னி பக்கம் ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டுபோவோம். ஏழு பேர் என்னிடம் வேலை செய்கிறார்கள். ஒவ்வொருவர் பொறுப்பிலும் நூற்றுச் சொச்சம் பெட்டி. தன் பெட்டி எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். நான் ஒருவன் 900ஐத் திறக்கத் தேவையில்லை, ஆளைப் பழக்கினால் போதும். அந்த ஏழு பேரில் மூன்று பேர் இப்போது சொந்தமாகவும் பெட்டி வைத்திருக்கிறார்கள்.

2020 டிசம்பரில் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தேனைச் சோதித்து வெளியிட்டது நினைவிருக்கும். 13 பிராண்டில் எல்லாச் சோதனையிலும் தேறியது மூன்றுதான். சர்க்கரைப் பாகுதான் காரணம். அதற்குப் பிறகு நல்ல தேன் விற்கிறவனையும் சனம் திருடனைப்போலப் பார்த்தது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. என்னிடமும் ஒரு கம்பெனி வெளித்தேனைச் சேர்க்கச் சொன்னது. முடியாது என்றேன், வேறு ஆளைத் தேடினேன், கிடைத்தது. விலை கிலோவுக்கு 15 ரூபாய் குறைவு. பரவாயில்லை.

உங்கள் எழுத்தில் ஒன்று எனக்குச் சரியாகப் படவில்லை. உங்களுக்கு 300 வீடு இருக்கிறது, அப்பா சேர்த்துக் கொடுத்த பெயர் இருக்கிறது. உங்கள் ஊரிலேயே 20 பெட்டி, 30 பெட்டி வைத்திருக்கிறவர்கள் அப்படி இல்லை. அவர்கள் உங்களைவிடக் குறைவாகத்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் அது அவர்கள் தேர்ந்தெடுத்தது இல்லை. வீட்டுக்கு வருகிற வியாபாரி 140, 150 சொன்னால் அதற்கே கொடுக்கிறார்கள். மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தும் அவர்களுக்கு ஒன்றும் மாறவில்லை. நீங்கள் பெரிதாக வேண்டாம், சரி. அந்த மனிதர்களுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று பாருங்கள். நீங்கள் உங்கள் அளவோடு நின்றால் மட்டும் அவர்களுக்கு 10 ரூபாய் கூடப்போவதில்லை.

*

தே. கல்லுப்பட்டி எழுதியது:

எங்கள் ஊரில் கடைசிக் காலத்தில் வாழ்ந்த ஜே. சி. குமரப்பாவை இந்த இடத்தில் சொல்லத் தோன்றுகிறது. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தியவர். 1929இல் காந்தியைச் சந்தித்த பிறகு அதை விட்டுவிட்டு, 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தில் உழைத்தார். தேனீ வளர்ப்பும் அவர்கள் ஊக்குவித்த தொழில்களில் ஒன்று. மனிதர்கள் பொருள் தேடும் முறைகளை அவர் இயற்கையோடு ஒப்பிட்டு வகை பிரித்தார். கொன்று தின்னும் புலி ஒரு வகை. தான் நடாத தோப்பில் பறித்துத் தின்னும் குரங்கு ஒரு வகை. தனக்கென்று இல்லாமல் கூட்டுக்காகச் சேர்க்கும் தேனீயை அவற்றுக்கு மேலே வைத்தார். கோன்னி நண்பர் கடைசியில் கேட்டது அந்தத் தேனீயின் கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அருமனை அண்ணன் அதற்கு என்ன சொல்கிறார் என்று படிக்கக் காத்திருக்கிறேன்.

*

அருமனைத் தேன்காரர் மறுபடி எழுதியது:

பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். எல்லாவற்றையும் அச்செடுத்து வீட்டில் வாசித்தோம்.

14ஆம் தேதி கம்பெனிக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். மூடி விழாத தேனை எடுக்க மாட்டேன், வெளித்தேனைச் சேர்க்க மாட்டேன், அப்பா படத்தைத் தர மாட்டேன் என்று மூன்றையும் சொன்னேன். 200 ரூபாய் தருகிறோம் என்றார்கள். விலை காரணம் இல்லை என்றேன். மரியாதையாகத்தான் பேசி வைத்தார்கள். மச்சான் அன்றையிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக் மட்டும் பையன் கையில் கொடுத்துவிட்டார். வருவார்.

செங்கோட்டை ஐயா, நீங்கள் கேட்டதை என் வீட்டுக்காரியிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: பெரிய கம்பெனி வேண்டும் என்று நான் சொன்னது பணத்துக்காக மட்டும் இல்லை, கும்பம், மீனம் இரண்டு மாதமும் ராத்திரி பன்னிரண்டு மணி வரை பாட்டில் நிரப்புகிறேன், ஆள் வைத்தால் அந்த வேலை குறையும் என்று நினைத்தேன். 19 வருடமாக இது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. வரும் சீசனில் பாட்டில் வேலைக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணை இரண்டு மாதம் வைக்கிறோம். தேன் 450 ரூபாய். அதில் கிலோவுக்கு 40 ரூபாய் வீட்டுக்காரி பெயரில் தபால் அலுவலகக் கணக்கில் போவது என்று முடிவு. கணக்கு நோட்டை இனி அவள்தான் எழுதுவாள்.

பிள்ளையிடமும் பேசினேன். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் அதுதான் முதல் விருப்பம், கிடைக்காவிட்டால் கல்விக்கடன் என்று அவளே விசாரித்து வைத்திருந்தாள். என்னிடம் சொல்லப் பயந்திருக்கிறாள்.

கோன்னி அண்ணாச்சி, உங்கள் கேள்விதான் அதிகம் வேலை வைத்தது. எங்கள் சாலையிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, 25 பெட்டி. மற்றவர் கணவரை இழந்த ஒரு அக்கா, 18 பெட்டி. போன வருடம் இருவரும் 145 ரூபாய்க்கு வியாபாரியிடம் கொடுத்தார்கள். அவர்கள் தேனை வாங்கி என் பாட்டிலில் ஊற்றினால் நான் கம்பெனி செய்யச் சொன்னதையே செய்கிறவன் ஆகிவிடுவேன். அதனால் அவர்கள் பெயரிலேயே விற்கட்டும் என்று யோசித்தோம். என் வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன்: இவர்களும் மூடி விழுந்த தேன்தான் எடுப்பார்கள், எடுக்கும் நாளில் நான் கூட நிற்பேன், தேன் அவர்களுடையது, பணம் அவர்களுக்கே. இதுவரை 41 வீட்டுக்காரர்கள் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். என் விற்பனை கொஞ்சம் குறையலாம். அந்த அக்காவுக்கு மூடி விழும்வரை காத்திருக்கப் பொறுமை இருக்குமா என்பதுதான் எனக்குச் சந்தேகம். போன வருடம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்காகப் பாதி மூடியிலேயே எடுத்தாராம். இந்த முறை கட்டணத்துக்கு 3,000 முன்பணமாகக் கொடுத்திருக்கிறேன், தேனில் கழித்துக்கொள்ளலாம்.

பால்வெட்டுகிற அண்ணனுக்கு என் பெட்டிகள் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். நான் படுத்துவிட்டால் அவர் திறப்பார், அவர் படுத்துவிட்டால் நான்.

குழித்துறைத் தங்கச்சி, இரண்டு கிலோ எடுத்து வைத்திருக்கிறேன். கும்பத்துத் தேன், அடியில் உறைந்திருக்கும், இளஞ்சூடான தண்ணீரில் வைத்தால் போதும். காசு வேண்டாம், முந்திரிக்கொத்து ஒரு கிலோ கொடுத்தால் சரி.

வெள்ளறடாவில் ரப்பர் இலை உதிரத் தொடங்கிவிட்டது என்று சித்தி போன் செய்தார். 27ஆம் பெட்டியில் ராணி இல்லை என்று போன வாரமே ஒரு சந்தேகம். நாளைக் காலை முதல் பஸ்ஸில் போய்ப் பார்க்க வேண்டும்.